23 கிராம் வாயுவும் 3 கிராம் பெட்ரோலும்: சிறிய காரில் நைட்ரஸ் ஆக்சைடு

1990களில் தென் கலிபோர்னியாவில், பாலைவன ஓரத்து ஊரான பாம்டேலின் பந்தயத் தடத்துக்குக் கால் மைல் ஓட்டம் ஓட வந்த சிறிய கார்களில் ஹோண்டா சிவிக் ஏராளம். அம்மாவிடமிருந்து மகனுக்கு வந்த கார், இரண்டாவது கையாக வாங்கிய கார், கல்லூரிக்கும் பகுதிநேர வேலைக்கும் போய்வரும் கார். டர்போ பொருத்த ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை என்ஜினுக்குள் பீய்ச்சிச் சக்தியைக் கூட்டும் கிட் சில நூறு டாலரில் முடிந்துவிடும். ஒரு சனி ஞாயிறில் பொருத்தியும் விடலாம். அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை இரண்டு விதக் கதைகள் கேட்கின்றன. பொத்தானை அழுத்தினான், கார் பறந்தது என்பது ஒன்று. பொத்தானை அழுத்தினான், பிஸ்டன் உடைந்தது என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. ஒரே கிட், ஒரே வகைக் கார், இரண்டு முடிவுகள். இந்த வித்தியாசம் அதிர்ஷ்டத்தால் வருவதாகப் பலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. இதற்குக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூட அளவிலான கணக்குதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் கிடையாது; அது தானாகத் தீப்பற்றி எரிவதில்லை. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே சிரிப்பு வாயுதான் இது. ஜோசப் பிரீஸ்ட்லி 1772இல் கண்டறிந்தது. 1799இல் ஹம்ப்ரி டேவி தன் மேலேயே சோதித்துப் பார்த்தது. காற்றின் எடையில் ஏறத்தாழ 23 விழுக்காடு ஆக்சிஜன். இந்த வாயுவின் எடையில் 36 விழுக்காடு. என்ஜின் சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பத்தில் இது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது. உடையும்போது கொஞ்சம் வெப்பத்தையும் தானே வெளியிடுகிறது. திரவமாகப் பீய்ச்சப்படும் இது மைனஸ் 88 டிகிரியில் கொதித்து ஆவியாவதால், உள்ளே போகும் காற்றைக் குளிர்வித்து அடர்த்தியாக்குகிறது. ஆகவே வாயு முக்கியமாகத் தருவது கூடுதல் ஆக்சிஜன்தான்; எரிபொருளை அல்ல. அந்த ஆக்சிஜனுக்கு ஏற்ற கூடுதல் பெட்ரோலை நாம்தான் கொடுக்க வேண்டும். நைட்ரஸ் பற்றிய நல்லது கெட்டது எல்லாம் இந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

இந்த உத்தியைப் பந்தயக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படை ஜிஎம்-1 என்ற பெயரில் இதைத் தன் போர்விமானங்களில் வைத்திருந்தது. பிரிட்டனின் மஸ்கிட்டோ இரவுப் போர்விமானங்கள் சிலவற்றிலும் இருந்தது. அவர்கள் அதை எங்கே பயன்படுத்தினார்கள் என்பதுதான் முக்கியம். காற்று மெலிந்துபோன மிக உயரத்தில், காற்றை அமுக்கி என்ஜினுக்குத் தரும் சூப்பர்சார்ஜரால் ஈடுகட்ட முடியாத அளவுக்கு என்ஜின் மூச்சுத் திணறும்போதுதான் வாயுவைத் திறந்தார்கள். தாழ்வான உயரத்தில் அந்த என்ஜின் ஏற்கெனவே தாங்கிப் பழகிய அழுத்தத்தைத்தான் மேலே மீட்டுக் கொடுத்தார்கள். தரையில் ஓடும் சிவிக்கின் நிலைமை வேறு. அதன் என்ஜின் ஏற்கெனவே வயிறு நிறையக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. நாம் அதற்கு மேல் ஊட்டுகிறோம். பசித்தவனுக்குப் போடும் சோறும் உண்டு முடித்தவனுக்குத் திணிக்கும் சோறும் ஒன்றாகாது. 1978இல் கலிபோர்னியாவில் மைக் தெர்மோஸ், டேல் வஸ்னாயன் இருவரும் தொடங்கிய நைட்ரஸ் ஆக்சைடு சிஸ்டம்ஸ் நிறுவனம் இந்தக் கிட்களைக் கடைச்சரக்காக்கியது. அதன் பெயரின் மூன்று எழுத்தான என்ஓஎஸ் என்பதே இன்று பலருக்கு இந்த வாயுவின் பெயராகிவிட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். 1996 முதல் 2000 வரை அமெரிக்காவில் விற்ற சிவிக் இஎக்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1.6 லிட்டர் டி16ஒய்8 என்ஜின், நிமிடத்துக்கு 6600 சுழற்சியில் 127 குதிரைத்திறன், 5500 சுழற்சியில் 145 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அமுக்க விகிதம் 9.6. உள்ளே எதையும் மாற்றவில்லை. கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது. இதில் 50 குதிரைத்திறன் கூட்டும் கிட்டைப் பொருத்துகிறோம். பட்டறைகளில் வழங்கும் நடைமுறைக் கணக்குப்படி, 50 குதிரைத்திறனுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 23 கிராம் நைட்ரஸ் பாய வேண்டும். பத்துப் பவுண்டு பாட்டில், அதாவது நாலரைக் கிலோ, கணக்கில் 200 விநாடி வரும். பாட்டில் குளிர்ந்து அழுத்தம் இறங்குவதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். அந்த 23 கிராமுக்கு ஜோடியாக, பாதுகாப்புக்குச் சற்றுத் தாராளமாக வைத்துக்கொண்டால், விநாடிக்கு 3 கிராம் பெட்ரோல் வேண்டும். முழு வேகத்தில் இந்த என்ஜின் தன் சொந்தச் சக்திக்குக் குடிப்பது ஏறத்தாழ 8 கிராம். அதாவது 8 என்பது 11 ஆக வேண்டும்.

அந்த 3 கிராம் வராவிட்டால் என்ன ஆகும்? வெல்டிங் பட்டறையில் கேஸ் கட்டர் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சுடரால் இரும்பைக் காய்ச்சுவார்கள். பிறகு ஒரு நெம்பை அழுத்தி ஆக்சிஜனை மட்டும் கூடுதலாக விடுவார்கள். இரும்பு வெண்ணெய் போல வெட்டுப்படும். பெட்ரோல் இல்லாமல் நைட்ரஸ் மட்டும் போன சிலிண்டரில் நடப்பது ஏறக்குறைய அதுதான். பெட்ரோல் மிகுந்த கலவை சிலிண்டரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். பெட்ரோல் மாறாமல் ஆக்சிஜன் மட்டும் ஏறும்போது கலவை அந்தக் குளிர்ச்சியான பகுதியிலிருந்து மிக அதிக வெப்பத்துக்கு நகர்கிறது. எரியாமல் மிஞ்சும் சூடான ஆக்சிஜன் அலுமினியத்தையே தின்னத் தொடங்குகிறது. அதோடு தட்டலும் வரும். சுடர் வந்து சேர்வதற்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பது போல அடிக்கும். சாதாரண என்ஜினின் வார்ப்புப் பிஸ்டன் வெப்பத்தை ஓரளவு பொறுக்கும்; இந்த அடியைப் பொறுக்காது. மேல் வளையத்தைத் தாங்கும் விளிம்பு பிய்ந்துபோகும்.

ஆகையால் கிட் எந்த வழியில் அந்த 3 கிராமைக் கொண்டுவருகிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. ஈர முறையில் ஒரே நாசிலில் வாயுவும் பெட்ரோலும் சேர்ந்து பீய்ச்சப்படும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தால் திறந்து மூடும் தனி சோலினாய்டு வால்வு, பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு ஓட்டையான தனி ஜெட். உலர் முறையில் நாசிலில் வாயு மட்டுமே வரும். பெட்ரோல் அழுத்தத்தை உயர்த்தி, காரின் சொந்த இன்ஜெக்டர்களையே கூடுதலாகச் சொரிய வைப்பார்கள். இந்த சிவிக்கில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. காற்றுக் குழாயின் அழுத்தத்தை வைத்துத்தான் கணினி காற்றைக் கணக்கிடுகிறது. நைட்ரஸ் வந்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. முழு ஆக்சிலரேட்டரில் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சையும் அது கேட்பதில்லை. கணினி சமாளித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உலர் முறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் பெட்ரோல் 41 விழுக்காடுதான் கூடும். 8 கிராம் 11 ஆக வேண்டுமென்றால் பம்ப் கிட்டத்தட்ட இரு மடங்கு அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும். பல ஆண்டு ஓடித் தேய்ந்த பம்ப், மாற்றாத ஃபில்டர், துருப்பிடித்த வயர் இணைப்பு, இவற்றில் எந்த ஒன்றும் அந்த 3 கிராமைத் தின்றுவிடும். சாதாரண ஓட்டத்தில் இந்தக் குறை தெரியாது. 127 குதிரைத்திறனுக்கு அது போதும். பொத்தானை அழுத்திய பிறகுதான் தெரியும். பெட்ரோல் அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் வாயுவை நிறுத்திவிடும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று தனியாக விற்கிறது. கிட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது அற்பக் காசு. அது இல்லாமல் பொருத்துகிறவரைப் பார்த்தால் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் பகுதிக்கு வருகிறேன். நைட்ரஸ் ஜெட் ஒரு நிலையான ஓட்டை. என்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் வேகமாகச் சுற்றினாலும் விநாடிக்கு 23 கிராம்தான் வரும். காற்று அப்படியில்லை; என்ஜின் எத்தனை முறை மூச்சிழுக்கிறதோ அத்தனைக்குத்தான் வரும். 6000 சுழற்சியில் நான்கு சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு 200 முறை உறிஞ்சுகின்றன. ஒரு மூச்சுக்கு 0.115 கிராம் நைட்ரஸ் பங்கு வரும். 3000 சுழற்சியில் மூச்சு 100தான்; பங்கு 0.23 கிராம். 2000 சுழற்சியில் 0.345 கிராம். இந்தச் சிலிண்டர் ஒரு மூச்சில் இழுக்கும் காற்று ஏறத்தாழ 0.47 கிராம், அதில் ஆக்சிஜன் 0.108 கிராம். 2000 சுழற்சியில் வந்து சேரும் நைட்ரஸில் இருக்கும் ஆக்சிஜன் 0.124 கிராம். காற்றில் வந்ததைவிட அதிகம்! ஒரே வெடிப்பில் எரிவது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

முறுக்குவிசையாகப் பார்த்தாலும் இதே கதைதான். 50 குதிரைத்திறன் என்பது 6000 சுழற்சியில் 59 நியூட்டன் மீட்டர். 3000இல் 119. 2000இல் 178, அதாவது என்ஜினின் சொந்த உச்சத்தைவிட அதிகம். கிட் பெட்டியின் மேல் 50 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, என்ஜின் தாங்கும் என்று முடிவு செய்கிறோம். பிஸ்டனை என்ஜின் அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் பிஸ்டனுக்கும் குதிரைத்திறன் தெரியாது; ஒவ்வொரு வெடிப்பின் விசை மட்டுமே தெரியும். ஐந்தாவது கியரில், தாழ்ந்த சுழற்சியில், முந்திச் செல்வதற்காகப் பொத்தானை அழுத்துகிறவர், தான் வாங்கியது 50தானே என்று நினைத்தபடியே ராடை வளைக்கிறார்.

இதனால்தான் கையால் அழுத்தும் வெறும் பொத்தானை நான் ஏற்பதில்லை. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டுமே இணைப்பைத் தரும் சுவிட்ச் ஒன்று வேண்டும். சுழற்சி ஒரு எல்லைக்கு மேலே ஏறும்போது திறந்து, இன்னொரு எல்லையைத் தொடும்போது மூடும் சுவிட்ச் இன்னொன்று வேண்டும். கீழ் எல்லை 3000 என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. இந்த என்ஜினுக்கு நான் 4000 வைப்பேன். கால் மைல் ஓட்டத்தில் அதனால் இழப்பது மிகக் கொஞ்சம்.

மேல் எல்லையின் காரணம் இன்னும் கொடியது. ஹோண்டாவின் கணினி அதிகபட்சச் சுழற்சியைத் தொட்டதும் இன்ஜெக்டர்களை மூடி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சோலினாய்டு வால்வுக்கு அது தெரியாது. அது திறந்தே இருக்கும். உலர் கிட் என்றால் பெட்ரோல் திடீரென்று நின்று, விடப்பட்டு, மறுபடி நிற்க, வாயு மட்டும் 23 கிராம் விடாமல் பாயும். கியர் மாற்றும்போது காலை எடுக்காமல் ஒரு கணம் தாமதித்தால் போதும், இது நடந்துவிடும். மேலே சொன்ன கேஸ் கட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வாயு நிற்கும் எல்லை, கணினியின் எல்லைக்குச் சில நூறு சுழற்சிகளாவது கீழே இருக்க வேண்டும்.

பாட்டிலின் சூட்டைப் பற்றிச் சொல்லும்போது பலர் வெடிப்பை மட்டுமே நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் வருவது கலவைப் பிரச்சினை. பாட்டிலுக்குள் திரவமும் ஆவியுமாக இருக்கும் நைட்ரஸின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது: 0 டிகிரியில் 31 பார், 20 டிகிரியில் 50, 30 டிகிரியில் 63. கிட்டோடு வரும் ஜெட் அளவுகள் ஏறத்தாழ 62 முதல் 65 பார் வரையான அழுத்தத்துக்குக் கணக்கிடப்பட்டவை. பாட்டில் குளிர்ந்திருந்தால் வாயு குறைவாக வரும். கலவையில் பெட்ரோல் மிகும். கார் மந்தமாகும், அவ்வளவுதான். பாட்டில் சூடாக இருந்தால் வாயு கூடும், பெட்ரோல் முன்போலவே வரும். நாம் கட்டிவைத்த ஜோடி பிரிந்துவிடும். 36.4 டிகிரிக்கு மேல் திரவம் ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடுகிறது. பாய்வது எது, எவ்வளவு என்று நம்பிச் சொல்ல முடியாது. பாம்டேலின் கோடையில் மூடிய காரின் டிக்கி அந்த வெப்பத்தைச் சுலபமாகத் தாண்டும். அழுத்தமானி இல்லாத பாட்டிலை வைத்துக்கொண்டு ஓடுவது, பெட்ரோல் அளவு தெரியாமல் ஓடுவதைவிட மோசம்.

வெடிப்பும் கற்பனை அல்ல. தண்ணீர் நிரப்பினால் 100 கிலோ பிடிக்கும் பாத்திரத்தில் 68 கிலோ நைட்ரஸுக்கு மேல் நிரப்பக்கூடாது என்பது அமெரிக்க விதி. சூடாகும்போது திரவம் விரிவதற்கு இடம் வேண்டும். பத்துப் பவுண்டு பாட்டிலில் பதினொன்றை அடைத்துக் கொடுக்கும் கடைக்காரர் நமக்கு உதவி செய்யவில்லை. வால்வில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் அது கிழிந்து வாயுவை வெளியேற்றிவிடும். அந்த வாயு காருக்குள் கொட்டினால் ஓட்டுநருக்கு மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. அதனால் அதற்கு ஒரு குழாய் இணைத்துக் காருக்கு வெளியே விட வேண்டும். அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம் தன் தடங்களில் இதை விதியாகவே வைத்திருக்கிறது. பாட்டிலைச் சூடாக்கத் தானியங்கிக் கட்டுப்பாடு கொண்ட மின்போர்வையைத் தவிர வேறு எதையும் அனுமதிப்பதில்லை. தீச்சுடரைக் காட்டிப் பாட்டிலைச் சூடாக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். அலுமினியம் வெப்பத்தில் வலுவிழக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அது மிகக் கொடூரமான வழி.

தீப்பொறியின் நேரம் அடுத்தது. ஆக்சிஜன் மிகுந்த கலவை வேகமாக எரியும். ஆகவே தீப்பொறி சற்றுத் தாமதமாக விழ வேண்டும். 50 குதிரைத்திறனுக்கு, என்ஜின் அச்சு சுழலும் கோணத்தில் 2 டிகிரி தாமதம் என்பது பழைய நடைமுறை. இந்த சிவிக்கில் தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்களைத் தளர்த்தி அதைத் திருப்பியே இதைச் செய்துவிடலாம். கம்பெனி அளவு பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 12 டிகிரி முன்பு, அதை 10 ஆக்கினால் போதும். வாயு இல்லாத நேரத்திலும் அந்தத் தாமதம் இருக்கும், கார் கொஞ்சம் சோம்பும். வாயு ஓடும்போது மட்டும் தாமதிக்கும் மின்னணுப் பெட்டிகளும் கிடைக்கின்றன. கிடைப்பதில் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல், வெப்பத்தை விரைவாகக் கடத்தும், ஒரு படி குளிர்ந்த வகை ஸ்பார்க் பிளக், சற்றுக் குறுக்கிய இடைவெளி, இவையும் வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒரு எல்லை உண்டு. பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கிடையே மயிரிழை இடைவெளி விட்டிருப்பார்கள். சாதாரண வெப்பத்துக்குக் கணக்கிட்ட இடைவெளி அது. நைட்ரஸை நீண்ட நேரம் திறந்து வைத்தால் வளையம் விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளும்; அதற்குப் பிறகு விரிய இடமில்லாமல் சிலிண்டர் சுவரைக் கீறும் அல்லது பிஸ்டனைப் பிளக்கும். தட்டலே இல்லாமல், பெட்ரோல் சரியாக இருந்தும் உடைந்த என்ஜின்களின் கதை பெரும்பாலும் இதுதான். ஆகவே திறந்து வைக்கும் நேரத்தை ஒரு கால் மைலின் கடைசிச் சில விநாடிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், உள்ளே எதுவும் மாற்றாத 1.6 லிட்டர் என்ஜினுக்கு 35 குதிரைத்திறன் ஜெட்டில் தொடங்க வேண்டும், 50தான் உச்சவரம்பு. 75 ஓடுகிறதே என்பவர்களின் கார் ஓடுவது உண்மைதான். எத்தனை நாள் ஓடியது என்றும் கேட்க வேண்டும். கிட் வாங்கும் முன்பு நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து பார்க்க வேண்டும். ஒன்று மற்றவற்றைவிடப் பத்து விழுக்காடு குறைவாக இருந்தால் அந்தப் பணத்தை என்ஜினைச் சரிசெய்யச் செலவிடலாம். கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் அதுவும் ஒரு செய்திதான்.

பொதுச் சாலைக்கு இது வேண்டவே வேண்டாம். கலிபோர்னியாவில் காற்று வள வாரியத்தின் விலக்கு ஆணை பெறாத கிட்டைப் பொருத்திச் சாலையில் ஓட்டுவது வாகனச் சட்டத்தின் 27156ஆவது பிரிவுப்படி குற்றம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், 127 குதிரைத்திறனுக்கு என்று வைத்த பிரேக்கும் டயரும், எதிரே சைக்கிளில் வருகிறவரும், நாம் வாயு திறக்கப்போவதை அறியமாட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கார்களுக்கு விற்கும் நைட்ரஸில் யாரும் முகரக்கூடாது என்பதற்காகவே கந்தக டை ஆக்சைடு கலந்திருக்கும். போதைக்காக அதை முகர்வது நரம்புகளை நாசமாக்கும், மூச்சையும் நிறுத்தும்.

ஓட்டம் முடிந்ததும் பாட்டில் வால்வை மூடி, குழாயில் தங்கிய வாயுவைத் திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும். திரவம் தோலில் பட்டால் சதை உறைந்துவிடும் என்பதால் கையுறை அவசியம். பிறகு என்ஜினைச் சும்மா ஓடவிடாமல் உடனே நிறுத்தி, ஆறவிட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு துணியின் மேல் வைத்து, வெயிலில் ஒரு பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் சுத்தமாக இருந்தால் நல்லது. அதன் மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் தட்டல் தொடங்கிவிட்டது. அடுத்த ஓட்டத்துக்கு முன் நைட்ரஸ் ஜெட்டைச் சிறிதாக்க வேண்டும். புள்ளிகள் வெள்ளி போல மினுங்கினால் அது பிஸ்டனின் அலுமினியம். அன்றைக்கு அந்தக் கார் தன் சொந்த 127 குதிரைத்திறனோடு மெதுவாக வீடு திரும்பட்டும்.